தூக்கத்திலும் மயக்க மருந்திலும் ஆக்சிஜன் ஏன் இறங்குகிறது? மூணாறு, குமுளி, போடிப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

எஸ்டேட் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) தேனிக்கோ கோட்டயத்துக்கோ எண்டோஸ்கோபிக்கு, அதாவது உடம்புக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்குப் போகிறவர்கள் கேட்கிறார்கள். குறட்டைக்கு நடுவே அப்பாவின் மூச்சு நிற்பதைப் பார்த்துப் பயந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். கொரோனாக் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை நடுராத்திரி மாட்டிப் பார்த்து, 89 என்றதும் தூக்கம் தொலைத்தவர்களும் கேட்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் முதலில் தெரிய வேண்டியது ஒன்று உண்டு: விரலில் தெரியும் எண் பிந்தித்தான் வரும். மூச்சு அதற்கு முன்பே தடுமாறியிருக்கும். எண்ணைப் பார்க்கத் தெரிவதைவிட மூச்சைப் பார்க்கத் தெரிவது முக்கியம். கீழே உள்ள பதில்கள் அதற்காகவே.

98, 94, 90: இந்த எண் எதைச் சொல்கிறது?

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆக்சிஜனால் நிரம்பியிருக்கிறது என்பதுதான் அந்த எண். கருவி விரலுக்குள் இரண்டு வெளிச்சங்களை அனுப்புகிறது. ஒன்று சிவப்பு, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறாத ரத்தம் சிவப்பை அதிகம் உறிஞ்சும். நாடி துடிக்கும்போது கூடிக் குறைகிற பகுதியை மட்டும் பிரித்து எடுத்து, இரண்டு வெளிச்சத்துக்கும் உள்ள விகிதத்திலிருந்து கணக்குப் போடுகிறது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த வழி இது.

கவனிக்க வேண்டியது, இந்த எண் ஒரே சீராக இறங்குவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 100 மில்லிமீட்டரிலிருந்து 60க்குக் குறைந்தாலும் ஆக்சிமீட்டர் 97லிருந்து 90க்குத்தான் வரும். அதுவரை சமதளம். 90க்குக் கீழே சரிவு. அழுத்தம் 60லிருந்து 40 ஆனால் எண் 75க்குப் போய்விடும். அதனால் 97க்கும் 93க்கும் இடையில் நடக்கிற நான்கு புள்ளி இறக்கம் சின்னதாகத் தெரிந்தாலும், கையிருப்பு பாதி தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 90ஐத் தொட்டபின் 80 வருவதற்கு நேரம் எடுக்காது.

மூணாறில் 95 காட்டுகிறது, போடிக்கு இறங்கினால் 98. மெஷின் கெட்டுவிட்டதா?

இல்லை, உயரம்தான் காரணம். மூணாறு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே உள்ள சில எஸ்டேட்டுகள் 2,000ஐத் தாண்டும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 சதவீதம்தான். ஆனால் கடற்கரையில் 760 மில்லிமீட்டராக இருக்கும் காற்றழுத்தம் 1,500 மீட்டரில் சுமார் 635தான். ஆகவே நல்ல ஆரோக்கியமானவருக்கும் விழித்திருக்கும்போது 94 முதல் 97 வரை காட்டலாம்.

மலையில் வாழ்பவர் தன் வழக்கமான எண்ணைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. உடம்பு நன்றாக இருக்கிற ஒரு நாளில், ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்ந்தபின், கையைத் தேய்த்துச் சூடாக்கிப் பார்த்து, மருந்துச்சீட்டு வைக்கிற பையிலேயே எழுதி வையுங்கள். பிறகு ஒரு நாள் 92 வந்தால், அது 95லிருந்து இறங்கியதா 93லிருந்து இறங்கியதா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

ஆக்சிமீட்டர் எப்போதெல்லாம் தவறாகக் காட்டும்?

வீட்டுக் கருவியின் கணக்கு இரண்டு மூன்று புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். 94 என்றால் உண்மை 91 ஆகவும் இருக்கலாம், 97 ஆகவும் இருக்கலாம். கறுத்த தோல் உள்ளவர்களுக்குக் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் போக்கு உண்டு. 2020ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், ஆக்சிமீட்டர் நல்ல எண் காட்டியும் உண்மையில் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தவர்கள் வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருந்தார்கள். நம் தோல்நிறத்துக்கும் இது பொருந்தக்கூடியது. ஆளைப் பார்த்தால் மூச்சு வாங்குகிறது, எண் மட்டும் 95 என்றால் ஆளை நம்புங்கள்.

குளிர்ந்த விரலில் ரத்த ஓட்டம் சுருங்கும். மூணாறு டிசம்பரில் காலை ஆறு மணிக்கு ஐஸ் மாதிரி இருக்கும் விரலில் மாட்டினால் 88 காட்டிவிட்டுப் பிறகு கோடு கோடாகப் போகும். கையைச் சூடாக்கி, திரும்ப மாட்டி, நாடி எண் நிலைத்து நிற்கும்வரை ஒரு நிமிடம் காத்திருங்கள். கருவி காட்டும் நாடியும் மணிக்கட்டில் நீங்கள் எண்ணுகிற நாடியும் ஒத்துவரவில்லை என்றால் அந்த ஆக்சிஜன் எண்ணைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். கறுப்பு, நீல நகப்பூச்சும் அடர்த்தியான மருதாணியும் குழப்பும். கருவியைப் பக்கவாட்டில் திருப்பி, நகத்தில் படாமல் மாட்டலாம். காது மடலுக்கான கிளிப் இருந்தால் இன்னும் நல்லது.

இந்தப் பக்கத்துக்கு மிக முக்கியமான தவறு வேறொன்று. குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரிச்சட்டியோ விறகுக் கணப்போ வைத்துத் தூங்குகிறார்கள். கரி அரைகுறையாக எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். வாசனை இல்லை, நிறம் இல்லை. சாதாரண ஆக்சிமீட்டரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆள் சாகக் கிடந்தாலும் 98 என்றுதான் காட்டும். காலையில் வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்றால் எண்ணைப் பார்க்காதீர்கள். கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "கரி வைத்துத் தூங்கினோம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தூங்கும் அறைக்குள் கரிச்சட்டி வேண்டவே வேண்டாம்.

பீடி, சிகரெட் பிடிப்பவர் ரத்தத்திலும் இதே வாயு கொஞ்சம் எப்போதும் இருக்கும். அவருடைய 97 முழு 97 இல்லை.

தூங்கினால் எல்லாருக்கும் ஆக்சிஜன் குறையுமா?

கொஞ்சம் குறையும். தூக்கத்தில் மூச்சின் ஆழம் குறைகிறது, தொண்டைத் தசை தளர்கிறது, ரத்தத்தில் கரியமில வாயு சில புள்ளிகள் ஏறுகிறது. இதில் இரண்டு புள்ளி வரை இறங்குவது இயல்பு. கனவு வரும் தூக்கத்தில் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை) தவிர மற்ற மூச்சுத் தசைகள் ஏறக்குறைய செயலற்றுப் போகும். அந்தக் கட்டங்கள் விடியற்காலை நெருங்க நெருங்க நீளும். அதனால்தான் நுரையீரல் நோய் உள்ளவருக்கு மூன்று மணிக்கு மேல் இறங்கும் இறக்கம் முன்னிரவைவிட ஆழமாக இருக்கிறது. பதினொரு மணிக்குப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று தூங்கப் போய்விட முடியாது.

குறட்டை திடீரென்று நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெரிய இழுப்போடு திரும்ப வருகிறது. இது என்ன?

தூக்கத்தில் மூச்சுக்குழல் அடைபடும் நோய். நாக்கின் அடியும் உள்நாக்குப் பகுதியும் தளர்ந்து பின்னால் விழுந்து தொண்டையை மூடுகின்றன. குறைந்தது 10 நொடி காற்று நின்றால் ஒரு தடை என்று கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 15 வரை இருந்தால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை.

டார்ச் வெளிச்சத்தில் இப்படிப் பாருங்கள். ஆள் மல்லாந்து படுத்திருக்கிறார். குறட்டை சத்தம் ஏறி ஏறி வந்து சட்டென்று அறுந்துபோகும். ஆனால் நெஞ்சும் வயிறும் அசைவதை நிறுத்தாது. ஒன்று மேலே போனால் இன்னொன்று உள்ளே போகும், ஏற்றப் பலகை மாதிரி. மூக்கருகே கையை வைத்தால் காற்று படாது. இருபது, முப்பது நொடி கழித்து உடம்பே குலுங்க ஒரு இழுப்பு. அந்த இழுப்பு வரும் நேரத்தில்தான் ஆக்சிமீட்டர் எண் இறங்கத் தொடங்கும். மூச்சு திரும்பியபின்தான் அடிமட்டத்தைக் காட்டும். ரத்தம் நுரையீரலிலிருந்து விரல் நுனி வரை வந்து சேரவும், கருவி சராசரி போடவும் ஆகிற தாமதம் அது. நெஞ்சும் அசையாமல் காற்றும் வராமல் இருந்தால் அது வேறு வகை: இதய பலவீனத்திலும், மார்ஃபின் வகை மருந்துகளிலும், பக்கவாதத்திலும் மூளையே மூச்சு விடச் சொல்ல மறக்கிறது. இரண்டுக்கும் மருத்துவம் வேறு. மூன்று நிமிடம் போனில் வீடியோ எடுத்து, நெஞ்சும் வயிறும் தெரிகிற மாதிரி, டாக்டரிடம் காட்டுங்கள். அரை மணி நேரம் வாயால் விவரிப்பதைவிட அந்த வீடியோ அதிகம் சொல்லும்.

யாருக்குச் சந்தேகப்பட வேண்டும் என்பதற்கு மயக்க டாக்டர்கள் எட்டுக் கேள்வி வைத்திருக்கிறார்கள்: மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்தக் கொதிப்பு, அதிக உடல் பருமன், வயது 50க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ஆண். மூன்று பொருந்தினால் ஓரளவு ஆபத்து, ஐந்தோ அதற்கு மேலோ என்றால் அதிகம். சட்டைக் காலர் அளவு 16 அங்குலம் வாங்குகிறவர் கழுத்துக் கேள்விக்கு ஆம் போட்டுக்கொள்ளலாம். தாடை உள்வாங்கியவர்களுக்கு உடம்பு மெலிவாக இருந்தும் இந்த நோய் வரும். "ஒல்லியாத்தானே இருக்கார்" என்று விட்டுவிடாதீர்கள்.

ராத்திரி முழுக்க விரலில் மாட்டி வைத்தால் நோயைக் கண்டுபிடித்துவிடலாமா?

சாதாரண விரல் கருவியால் முடியாது. எதையும் பதிவு செய்யாது, பேட்டரியும் விடிய விடிய வராது. பதிவு செய்யும் மணிக்கட்டு வகையில் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும் கோடு தெரிந்தால் அடைப்பு நோய்க்கு வலுவான அறிகுறி. ஏறி இறங்காமல் தாழ்ந்தே நீளமாக ஓடினால் நுரையீரல் நோயோ, பருமனால் மூச்சு ஆழமில்லாமல் போவதோ காரணமாக இருக்கலாம். 88க்குக் கீழே மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் கழிந்திருந்தால் டாக்டர்கள் அதைச் சும்மா விடமாட்டார்கள். கோடு நேராக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. மூக்குக் குழாயும் நெஞ்சுப் பட்டையும் சேர்த்துச் செய்யும் தூக்கப் பரிசோதனைதான் முடிவு சொல்லும். வீட்டுக்கே கொண்டுவந்து செய்யும் வகையும் இருக்கிறது.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கி வைத்துவிட்டால் போதாதா?

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் அது; அடைப்புக்கு மருந்து இல்லை. தொண்டை மூடியிருக்கும்போது மூக்கில் எவ்வளவு ஆக்சிஜன் விட்டாலும் உள்ளே போகாது. மூச்சு நிற்பதற்கு முன்பே ரத்தத்தில் ஆக்சிஜன் நிரம்பியிருப்பதால் எண் அழகாகத் தெரியும். தடை நீளும், கரியமில வாயு சேரும், காலையில் தலைவலியோடு எழுந்திருப்பார். பல வருடம் புகைத்து நுரையீரல் கெட்டவருக்கு இன்னும் ஆபத்து. அவருக்குக் குறி 88 முதல் 92 வரைதான். 98க்கு ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகக் கூடாது. லிட்டர் கணக்கை டாக்டர் எழுதியதற்கு மேல் திருகாதீர்கள்.

சிபாப் மெஷின் என்ன செய்கிறது? மலையில், கரண்ட் போகிற ஊரில் சரிவருமா?

முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கிறது. 1981ல் ஆஸ்திரேலியாவில் கோலின் சல்லிவன் முதலில் செய்து காட்டினார். பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை வைக்கலாம். பலன் தெரிய ராத்திரிக்கு நான்கு மணி நேரமாவது மாட்ட வேண்டும். முழுத் தூக்கமும் மாட்டினால்தான் சரி, ஏனென்றால் கழற்றுகிற விடியற்காலையில்தான் இறக்கம் மோசம்.

விட்டுவிடுகிறவர்களில் பெரும்பாலோர் முகமூடியால்தான் விடுகிறார்கள். பட்டையை இறுக்கினால் கசிவு நிற்கும் என்று நினைத்து மூக்குத் தண்டில் புண் வரவைத்துக்கொள்கிறார்கள். படுத்த நிலையில், அழுத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது மாட்டி, இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு மட்டும் இழுங்கள். மீசை, தாடி கசியவைக்கும். மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஈரப்பதப் பெட்டிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்). தினமும் கொட்டிக் காயவைக்க வேண்டும். ஈரப்பதச் சூடாக்கியை அணைத்தால் கரண்ட் செலவு நன்றாகக் குறையும், சிறு இன்வெர்ட்டரில் ராத்திரி தாங்கும். உயரத்துக்கு ஏற்ப அழுத்தத்தைத் தானே திருத்திக்கொள்ளும் மாடலா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

மெஷின் வரும்வரை: ஒருக்களித்துப் படுங்கள், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 சென்டிமீட்டர் கட்டை வையுங்கள், படுக்கும் முன் மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தடைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும்.

குழந்தை குறட்டை விடுவது சாதாரணம்தானே?

சளி பிடித்த நாலு நாளைக்குச் சாதாரணம். எப்போதும் வாயைத் திறந்து தூங்குவது, தலையைப் பின்னால் வளைத்துப் படுப்பது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, வகுப்பில் கவனம் சிதறுவது என்றால் டான்சிலும் அடினாய்டும் வீங்கியிருக்கலாம். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு கோடீன் கலந்த மருந்து கொடுக்கக் கூடாது. சில பிள்ளைகளின் உடம்பு அதை வேகமாக மார்ஃபினாக மாற்றி மூச்சை நிறுத்திவிடும். வீட்டில் மிச்சம் இருக்கும் இருமல் மருந்துப் பாட்டிலில் கோடீன் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எண்டோஸ்கோபிக்கு ஊசி போட்டதும் ஆக்சிஜன் ஏன் இறங்குகிறது?

மூன்று காரணம் ஒரே நேரத்தில் சேர்கின்றன. மிடசோலம், புரோபஃபால், ஃபென்டனில் போன்ற மருந்துகள் மூளையின் மூச்சுக் கட்டளையை மந்தப்படுத்தும். தொண்டைத் தசையைத் தளர்த்தி நாக்கைப் பின்னால் விழவைக்கும். படுத்திருப்பதால் வயிறு மேலே தள்ளி நுரையீரலின் கையிருப்புக் காற்றைக் குறைக்கும்.

கையிருப்பு எவ்வளவு என்று பாருங்கள். மூச்சை வெளியே விட்டபின் பெரியவர் நுரையீரலில் தங்கும் காற்று இரண்டரை லிட்டர் அளவு. அதில் ஆக்சிஜன் 350 மில்லிலிட்டர் இருந்தால் பெரிது. உடம்பு நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் செலவழிக்கிறது. ஆக, வெறும் காற்றில் மூச்சு நின்றால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். மருந்துக்கு முன் மூன்று நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுத்து நிரப்பினால் ஆரோக்கியமான பெரியவர் எட்டு நிமிடம் வரை தாங்கலாம். மிகவும் பருமனானவருக்கு அதுவே மூன்று நிமிடம் ஆகிவிடும். கைக்குழந்தை எடைக்கு இரண்டு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிப்பதால் இன்னும் வேகமாக இறங்கும்.

லேசான மயக்கத்தில் கூப்பிட்டால் பதில் சொல்வார். ஆழ்ந்தால் கிள்ளினால்தான் அசைவார். ஒரே அளவு மருந்து ஒருவரை முதல் நிலையிலும் இன்னொருவரை இரண்டாவதிலும் கொண்டுபோய் வைக்கும். வயதானவருக்கு மருந்து மூளைக்கு ஏறவே நேரம் எடுக்கும். இரண்டு நிமிடம் காத்திராமல் அடுத்த சொட்டு போடுவதில்தான் பல இறக்கங்கள் தொடங்குகின்றன.

ஆக்சிஜன் வைத்துக்கொண்டுதானே செய்கிறார்கள், பிறகென்ன பயம்?

மூக்கில் ஆக்சிஜன் ஓடும்போது மூச்சு நின்றாலும் எண் இரண்டு மூன்று நிமிடம் 98லேயே நிற்கலாம். அதனால்தான் மூச்சுக் காற்றில் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபி வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் ஒரு மேடு வரும். மூச்சு நின்ற மறுநொடி மேடு மறைந்து கோடு நேராகிவிடும். "மயக்க ஊசி போட்டால் கேப்னோகிராஃபி வைப்பீர்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. அது இல்லாத இடத்தில், நோயாளியின் நெஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் தனியாக இருக்க வேண்டும். டியூப் பிடித்திருக்கும் டாக்டரே மூச்சையும் பார்த்துக்கொள்ள முடியாது.

அறைக்குள் காது கொடுத்தால் ஒன்று கேட்கும். மானிட்டரின் பீப் ஒலி, ஆக்சிஜன் இறங்க இறங்கத் தணிந்துகொண்டே வரும். அனுபவமுள்ள நர்ஸ் திரையைப் பார்க்காமலே தலையைத் தூக்குவது அந்தச் சுருதி இறக்கத்தைக் கேட்டுத்தான். அந்த ஒலியை யாரும் முழுக்க அணைத்து வைக்கக் கூடாது.

85 வந்துவிட்டால் என்ன செய்வார்கள்?

முதலில் மருந்தை நிறுத்துவார்கள். தோளைத் தட்டி "மூச்சை இழுங்க" என்று சத்தமாகச் சொல்வார்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் நெற்றியைப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்குவது, காதுக்குக் கீழே தாடையின் இரு கோணங்களிலும் விரல் வைத்து முன்னே தள்ளுவது. இது வலிக்கும், அந்த வலியே எழுப்பவும் செய்யும். மறுநாள் தாடை வலித்தால் காரணம் இதுவாக இருக்கலாம். ஆக்சிஜனைக் கூட்டுவார்கள், எண்டோஸ்கோப்பை வெளியே எடுப்பார்கள், எச்சிலை உறிஞ்சுவார்கள், நாக்கைத் தாங்க வளைந்த குழாய் வைப்பார்கள், பையும் முகமூடியும் கொண்டு மூச்சு கொடுப்பார்கள்.

மிடசோலத்துக்கு ஃப்ளூமசெனில், ஃபென்டனிலுக்கு நலோக்சோன் என்று மாற்று மருந்து உண்டு. அவற்றின் வேலை மயக்க மருந்துக்கு முன்பே தீர்ந்துவிடலாம். அதனால் மாற்று மருந்து கொடுக்கப்பட்டவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் இரண்டு மணி நேரமாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும். "முழிச்சிட்டார், கூட்டிட்டுப் போறோம்" என்று அவசரப்படாதீர்கள்.

முன்கூட்டியே என்ன சொல்ல வேண்டும்? மலையாளம் சரியாக வராதே?

குறட்டையும் மூச்சு நிற்பதும், சிபாப் இருந்தால் அது (மெஷினையும் முகமூடியையும் கையோடு கொண்டுபோங்கள்), தூக்க மாத்திரை, மது, ஆஸ்துமா, முன்பு மயக்கத்தில் வந்த தொல்லை, ஆடும் பல், கட்டுப்பல், கடைசியாகச் சாப்பிட்ட நேரம். இன்ஹேலரை அன்று காலையும் எடுங்கள். பீடியை முந்தின நாளே நிறுத்தினால் கார்பன் மோனாக்சைடு பெரும்பாலும் வெளியேறிவிடும். நகப்பூச்சை ஒரு விரலிலாவது அழித்துவிட்டுப் போங்கள்.

மொழி விஷயத்தில் சில வார்த்தைகள் உதவும். குறட்டைக்கு மலையாளத்தில் "கூர்க்கம்வலி", தூக்கம் "உறக்கம்", மூச்சுத் திணறல் "ஸ்வாசம்முட்டல்". ஒரு இடத்தில் கவனம் தேவை: "போதம்" என்றால் அங்கே நினைவு. "போதம் உண்டோ?" என்று நர்ஸ் கேட்டால் நினைவு இருக்கிறதா என்று கேட்கிறார், போதையா என்று கேட்பதாக நினைத்து "இல்லை, இல்லை" என்றால் எல்லாரும் ஓடிவருவார்கள். ஒப்புதல் படிவம் மலையாளத்தில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்துப் போடுங்கள். அது உங்கள் உரிமை.

ஒரு டீ மட்டும் குடித்துவிட்டுப் போகலாமா?

எந்த டீ என்பதைப் பொறுத்தது. பால் சேராத கட்டன் சாயாவும் தண்ணீரும் பொதுவாக 2 மணி நேரத்துக்கு முன்பு வரை அனுமதிக்கப்படுபவை. பால் டீ சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேரம். கஞ்சியும் இட்லியும் 6. பொரோட்டா, இறைச்சி, எண்ணெய்ப் பலகாரம் 8. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் 4, புட்டிப்பால் 6. ஆஸ்பத்திரி இதைவிடக் கடுமையாகச் சொன்னால் அதையே கேளுங்கள். மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடுகிறது. வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் அந்த ஆக்சிஜன் இறக்கம் நாலு நிமிடத்தில் சரியாகாது, நாட்கணக்கில் இழுக்கும். தெரியாமல் குடித்துவிட்டால் மறைக்காதீர்கள். இன்னொரு நாள் வருவது நஷ்டமே இல்லை.

அன்றே மலையேறித் திரும்பலாமா?

துணைக்கு ஒருவர் இருந்தால் போகலாம். வண்டியில் பின்சீட்டில் சாய்ந்து தூங்கவிடாதீர்கள். மோவாய் நெஞ்சில் இடித்தபடி தலை தொங்கினால் மூச்சுக்குழல் மடங்கிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் தலை அப்படித்தான் தொங்கும். மயக்கம் கொடுத்து ஸ்கேன் எடுத்த குழந்தையை மடியில் வைத்துப் போகிறவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்: ஒரு கை எப்போதும் மோவாயைத் தாங்கட்டும், முகம் போர்வைக்கு வெளியே இருக்கட்டும், இன்னொருவர் வண்டி ஓட்டட்டும். தூங்கவைக்கும் சிரப்பை வீட்டிலேயே கொடுத்துவிட்டு ஜீப் ஏறாதீர்கள்; அது ஆஸ்பத்திரியில், கண்காணிப்பில் கொடுக்க வேண்டியது. பெரியவர் 24 மணி நேரம் வண்டி ஓட்டவோ, பத்திரத்தில் கையெழுத்துப் போடவோ, அன்றிரவு மது குடிக்கவோ கூடாது.

ஆபரேஷனுக்குப் பின் வலி மாத்திரை சாப்பிட்டு நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறார். நல்லதுதானே?

டிரமடால், மார்ஃபின் வகை மருந்து சாப்பிட்டவரின் புதுக் குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளம் இல்லை. தொண்டை பாதி மூடியிருப்பதன் சத்தம். முதல் மூன்று இரவுகள் கவனம் வேண்டும். முதல் இரவில் கலைந்துபோன கனவுத் தூக்கம் இரண்டாம், மூன்றாம் இரவில் மொத்தமாகத் திரும்பி வரும்; இறக்கமும் அப்போதுதான் கூடும். தலைமாட்டை உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவருக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். 10க்குக் கீழே வந்தால் எழுப்பி உட்காரவைத்து டாக்டருக்குப் போன் செய்யுங்கள், அடுத்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

எப்போது 108ஐக் கூப்பிடுவது?

கூப்பிட்டும் உலுக்கியும் எழுந்திருக்கவில்லை. மூச்சு நிமிடத்துக்கு 8க்குக் கீழே. உதடும் நாக்கும் நீலம். விழித்திருக்கும்போதே, சூடான விரலில், எண் 90க்குக் கீழே நின்றுகொண்டிருக்கிறது (டாக்டர் வேறு குறி எழுதிக் கொடுத்திருந்தால் அதற்குக் கீழே). இதில் ஒன்று போதும். 108 கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உண்டு; எடுத்ததும் மாநிலம், எஸ்டேட் பெயர், டிவிஷன், எந்த லயம், வண்டி எதுவரை வரும் என்று இந்த வரிசையில் சொல்லுங்கள்.

வண்டி வரும்வரை: மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கிப் பிடியுங்கள். மூச்சு இல்லை, அல்லது எப்போதாவது ஒரு இழுப்பு மட்டும் வருகிறது என்றால் தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 முறை அழுத்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாய்வழி இரண்டு மூச்சு கொடுங்கள். மாத்திரையால் நின்ற மூச்சுக்கு அந்த இரண்டு மூச்சு மிகவும் வேண்டியது. ஒருவர் களைத்தால் அடுத்தவர் மாறட்டும். சாப்பிட்ட மருந்துகளின் அட்டைகளை ஒரு பையில் போட்டு வண்டியில் கூடவே அனுப்புங்கள்.